நாங்கள் கிளம்புகிறோம்

"நாங்கள்னுதான்டி எழுதினேன்."

"திரையில நாம்னு வந்துச்சுக்கா. என் ரெண்டு கண்ணால..."

"உன் கண்ணு. கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுற கண்ணு."

"சரி, என் கண்ணு பொய். அந்த மனுசன் வாயும் பொய்யா?"

மூத்தவள் தங்கையிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ப்ரொஜக்டர் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் மூச்சு விட இடமில்லை. எதிரே சின்னக் கண்ணாடிச் சன்னல். அதற்குக் கீழே, இருட்டில், திரைப்பட விழாவுக்கு வந்த இருநூறு பேர். எந்தெந்தத் தேசத்திலோ எடுத்த படங்களுக்குத் தமிழில் வரி எழுதுவது மூத்தவள் வேலை. நடிகர் வாய் திறக்கும்போதெல்லாம் பொத்தானைத் தட்டி, அந்த வரியைத் திரையின் அடியில் ஏற்றுவது இளையவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். இளையவளின் சுழல் நாற்காலிக்கும் அதே வயது. அவள் மூச்சு விட்டாலும் கிரீச்சென்று கத்தும்.

இன்றைய படம் ஒரு குளிர்த் தீவில் எடுத்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத தன் ஆட்களுக்காக ஒருத்தி வீட்டில் காத்திருக்கிறாள். கடைசிக் காட்சியில் கதவு தட்டப்படுகிறது. திறக்கிறாள். கம்பளி உடுப்பில் நீர் சொட்டச் சொட்ட அவர்கள் நிற்கிறார்கள். அவள் நம் பக்கம் திரும்பி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு அவர்களோடு போய்விடுகிறாள்.

அந்தப் பாஷையில் அதற்கு ஒரே சொல்தான். தமிழில்தான் வம்பு. கேட்கிறவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். கேட்கிறவரையும் கூட்டிக்கொண்டால் நாம். மூத்தவள் யோசித்துத்தான் எழுதியிருந்தாள்: 'நேரமாகிவிட்டது. நாங்கள் கிளம்புகிறோம்.'

நேற்றுக் காலை, நடுவர் ஒருவருக்காக மட்டும் படத்தை ஓட்டினார்கள். திரையில் வரும் வரியையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் அவருக்கு. விழாவில் அவருக்கு 'வாய்ப்பாடு' என்றே பெயர். பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காது. மேலே இருந்த இளையவளுக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"நேரமாகிவிட்டது. நாம் கிளம்புகிறோம்."

விளக்கு போட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். நல்ல சாவு என்றார்கள். அவருடைய சட்டை ஏன் நனைந்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"படத்த நிறுத்தச் சொல்லுக்கா."

"என்னன்னு சொல்லி நிறுத்த? என் தமிழு ஆளக் கொல்லுதுன்னா?"

"கேலி பண்ணாத. கீழ இருநூறு பேரு. மனசுக்குள்ள படிச்சாலும் படிச்சதுதானே?"

மூத்தவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தாள். அறுநூற்றுப் பதினோராவது வரி, நாங்கள் என்றுதான் இருந்தது. அதைச் சுத்தமாக அழித்தாள்.

"இப்ப திருப்தியா? வரியே இல்ல. பொத்தான நானே தட்டுறேன், நீ தள்ளு."

நாற்காலி கிரீச்சிட்டது.

திரையில் கதவு தட்டப்பட்டது. அவள் திறந்தாள். நீர் சொட்டும் ஓசை. திரும்பினாள். உதடுகள் அசைந்தன.

திரையின் அடியில் ஒன்றும் வரவில்லை.

"பாத்தியா," என்றாள் மூத்தவள்.

ஆனால் திரையில் இருந்தவள் போகவில்லை.

சொன்னது புரியாதவரிடம் நிற்பதுபோல் நின்றாள். நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. படம் மொத்தம் தொண்ணூற்று நாலு நிமிடம். கருவியின் எண் தொண்ணூற்றைந்து காட்டியது. தொண்ணூற்றாறு.

கீழே ஒரு இருமல் இல்லை.

அறைக்குள் ஈரக் கம்பளியின் வாடை அடித்தது.

"அக்கா," இளையவள் சன்னலைக் காட்டினாள். "அவ நம்மளத்தான் பாக்குறா."

"நம்மளன்னு சொல்லாத."

"வரிக்குத்தான் காத்திருக்கா. குடுத்துரு."

மூத்தவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். நா. ங். க. ள். மூன்று முறை படித்தாள். இளையவளைப் படிக்கச் சொன்னாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

நேரமாகிவிட்டது. நாங்கள் கிளம்புகிறோம்.

திரையில் இருந்தவள் குனிந்தாள். தன் காலடியில் எழுந்த அந்த வரியை, இடமிருந்து வலமாக, பொறுமையாகப் படித்தாள்.

பிறகு லேசாகத் தலையசைத்துவிட்டு வெளியே போனாள். கதவை மட்டும் சாத்தவில்லை.

விளக்கு வந்தது. மூத்தவள் சன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். எல்லாரும் எழுந்தார்கள். ஒருவர் சோம்பல் முறித்தார். ஒருத்தி குனிந்து செருப்பைத் தேடினாள். "முடிவ ரொம்ப இழுத்துட்டான்," என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார். கடைசி ஆள் வெளியேறும்வரை மூத்தவள் நகரவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகை மாதிரி ஒரு சிரிப்பு.

"எல்லாம் போயாச்சுடி. ஒருத்தரும் பாக்கி இல்ல."

"தெய்வமே," என்றாள் இளையவள். நாற்காலி நீளமாகக் கிரீச்சிட்டது.

மூத்தவள் முதுகைக் காட்டி ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள். இருபத்திரண்டு வருடமாக, படம் முடிந்ததும் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொல்வதை இன்றைக்கும் சொன்னாள்.

"வாடி, நேரமாச்சு. நாம கிளம்பலாம்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

கை நின்றது. ஒயர் நழுவித் தரையில் விழுந்தது.

பின்னால் எங்கோ நீர் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று.

நாற்காலி கத்தவில்லை.

அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, சின்ன வயதில் தங்கையின் பொம்மையை உடைத்துவிட்டு இல்லையென்று சாதித்த அதே குரலில் சொன்னாள்:

"நாங்கன்னுதான்டி சொன்னேன்."