வெள்ளிப் பெட்டிக்குள் இருந்த காய்

ட்ரிங்... ட்ரிங்...

இன்ஸ்பெக்டர் துரைசிங்கம் ரிசீவரை எடுத்தார்.

"சீக்கிரம் வாங்க! என் வெள்ளிப் பெட்டியில திருட்டு!"

ரெபேக்கா துரைசானி. மலாயாவின் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், காலமான தோட்டத் துரையின் மனைவி. பினாங்கில் பிறந்த யூதப் பெண்மணி. தோட்டத்துத் தமிழ் அத்துப்படி.

ஜீப் பறந்தது.

ஆனால்... பங்களா மேசை மேல் பெட்டி பத்திரமாக இருந்தது! வெள்ளி இலையின் மேல் வெள்ளிப் பழம் போல ஒரு பெட்டி. மூடி திறந்திருந்தது. உள்ளே காலி.

"உள்ள என்ன இருந்திச்சு? வைரமா?"

"நாரத்தங்காய்."

துரைசிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்கலா. இன்னிக்கு ராத்திரி எங்க யூதக் கூடாரப் பெருநாள். கையில வச்சு வேண்டிக்க, கீறலே இல்லாத காய் வேணும். பிளேன்ல வரவழைச்சேன். இனிமே எங்க போவேன்?"

"பெட்டிய யாரு தொட்டது?"

"சமையல்காரி ராக்காயி. நேத்து அவதான் தொடைச்சா."

போதாதா? தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் ராக்காயியின் டிரங்குப் பெட்டி கவிழ்ந்தது. எல்லோரும் பார்க்க, அவள் சேலைகள் சேற்றில் விழுந்தன.

"காய் எங்க?"

அவள் குனிந்து சேலைகளைப் பொறுக்கினாள்.

"பொழுது சாயறதுக்குள்ள சொல்லு. இல்ல, லாக்கப்தான். வேலையும் போயிரும்."

ராக்காயி உதட்டைக் கடித்தபடி ஜீப்பில் ஏறினாள்.

அவளை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஐயா மட்டும் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். யாழ்ப்பாணத்து மனைவி பூமணி புது ஊறுகாய் வைத்தாள். இரண்டு துண்டு உள்ளே போன பிறகுதான் கை நின்றது.

"பூமணி... இது எங்கால?"

"துரைசானி வீட்டு நாரத்தங்காயப்பா. நேற்று தீபாவளிக்கு வரச் சொல்லப் போனனான். அவ உள்ளுக்குப் போன நேரம், ராக்காயி வெள்ளிப் பெட்டியத் துடைச்சு, காயோட கொண்டு வந்தவள். வந்த ஆளுக்கு எலுமிச்சம்பழம் குடுக்கிற மாதிரி, மரியாதைக்கு எண்டு நினைச்சன். கும்பிட்டு எடுத்தனான்."

துரைசிங்கம் தட்டைத் தள்ளிவைத்தார். இந்தக் கையால்தானே ஒரு பெண்ணின் துணிமணியைச் சேற்றில் கொட்டினோம்? அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது.

ஸ்டேஷனில் ராக்காயியின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"காய் எங்க வீட்டுல ஊறுகாயாயிருச்சு, ராக்காயி. துரைசானிகிட்ட நானே சொல்றேன். லயத்துலயும் எல்லாரு முன்னால சொல்றேன். என்னை மன்னிச்சிரு. நீ ஏன் வாயத் தொறக்கல?"

"ஒங்க வீட்டம்மா கும்பிட்டு எடுத்தாங்கய்யா. அதப் போயி திருட்டுன்னு எப்படிச் சொல்றது? அவுங்க பேரும் சேத்துல விழவா?"

துரைசிங்கம் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

ராக்காயி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"சரி வுடுங்க... உப்பு போதுமா இருந்துச்சுங்களா?"