தம்பி போட்ட வட்டம்

இது சித்திரையில் நடந்ததா, வைகாசியிலா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதிலும் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். வெயில் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பாப்பாரப்பட்டியில் கவிப்பிரியாவின் வீட்டுக்கு சிமெண்ட் சீட் கூரை. மதியத்தில் அதன் கீழே உட்கார்ந்தால் தோசைக்கல்லுக்கு அடியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால் அப்பா மாதேஸ் ஃபால்ஸ் சீலிங் போடலாம் என்று முடிவு செய்தார். கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்களிலிருந்து கம்பிகளைத் தொங்கவிட்டு, அவற்றில் வெள்ளைப் பலகைகளைப் பொருத்திவிட்டால் சூடு அவ்வளவாக இறங்காது.

தூசி ஆகாது என்று அம்மா சசிகலா, கைக்குழந்தையான தம்பி சந்துருவோடு தொப்பூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள். தம்பியின் தூளிச் சேலையையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

வேலைக்கு வந்தவர் முருகேஷ். அப்பா அவரிடம், "ஒரு எறும்பு நுழையற ஓட்டகூட இருக்கக் கூடாது, ஆமா" என்றார்.

"ஃபேனுக்கு ஒரு ஓட்ட வேணுங்கண்ணா. இல்லைன்னா ஃபேன் மேல சுத்தும், நீங்க கீழ வேர்ப்பீங்க."

கவிப்பிரியா சிரித்தாள். பேசவில்லை. அவள் அப்படித்தான். அவள் பதில் சொல்வதற்குள் கேள்வி கேட்டவர் எழுந்து போயிருப்பார்.

சீலிங் முடிந்த அன்று சாயங்காலம் அம்மா திரும்பி வந்தாள்.

"கல்யாண மண்டபம் மாதிரி இருக்குதுங்க!"

தம்பி சிணுங்கினான். அவனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. அம்மா சேலையை எடுத்துக்கொண்டு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க... தூளி கட்டற கொக்கி எங்கங்க?"

அப்பாவும் அண்ணாந்து பார்த்தார். எங்கும் ஒரே வெள்ளை.

தூளி இல்லாமல் சந்துரு தூங்க மாட்டான். மடியில் போட்டார்கள், தோளில் போட்டார்கள், ஸ்கூட்டரில் வைத்துச் சந்தை வரைக்கும் போய் வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அன்று அந்தத் தெருவே தூங்கவில்லை.

காலையில் முருகேஷ் வந்தார். "அது பழைய துருக்கொக்கின்னு நெனச்சு மூடிட்டேங்கண்ணா. ஓட்ட போடறது ஒரு நிமிச வேல. எங்க போடறதுன்னு சொல்லுங்க. எடம் தப்புனா, ஒட்டுப் போட்ட பாவாட மாதிரி ஆயிரும்."

"ஜன்னலுக்கு நேரா" என்றார் அப்பா.

"இல்லீங்க, அலமாரிக்கு நேரா" என்றாள் அம்மா.

"கொக்கிய மாட்டுனவன் நானு!"

"மாட்டுனதோட சரி. தெனமும் ஆட்டறவ நானு!"

அம்மாவின் தோளில் தம்பி வீறிட்டு அழுதான். அழுது அழுது அவன் குரல் கம்மிப் போயிருந்தது. எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருக்க, கவிப்பிரியா மட்டும் தரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, அங்கே விரித்திருந்த பாயைச் சுருட்டினாள்.

"அடியே! அத எதுக்குச் சுருட்டற? முருகேஷண்ணன் பாக்கறாரு!" என்று அம்மா பதறினாள்.

பாய்க்கு அடியில், சிவப்பு சிமெண்ட் தரையில் வெளிறிய வட்டம் ஒன்று இருந்தது. தூளியிலிருந்து தம்பி நனைக்க நனைக்க, அம்மா பினாயில் ஊற்றித் தேய்க்கத் தேய்க்க, அந்த இடத்தில் மட்டும் சாயம் போய்விட்டது. வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான் பாய்.

"தம்பி ஒண்ணுக்குப் போனா நேரா கீழதான விழும்?" என்று கேட்டாள் கவிப்பிரியா. "அப்போ கொக்கி இதுக்கு நேரா மேலதான இருக்கணும்?"

எல்லாரும் குனிந்து வட்டத்தைப் பார்த்தார்கள். தம்பிகூட அழுகையை நிறுத்தினான்.

முருகேஷ் ஏணியில் ஏறி, ஒரு நூலின் நுனியில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். "சரியா இருக்குதா பாப்பா?"

"இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம்ணா... போதும்."

நட்டு வட்டத்தின் நடுவில் நின்றது. நூல் தொட்ட இடத்தில் பலகையை அறுத்து, முருகேஷ் கையை உள்ளே விட்டார். துழாவினார். "இல்லையே..." என்றார். கவிப்பிரியா ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"இருக்குது! இங்கதான் இருக்குது!" என்று மேலிருந்து கத்தினார் முருகேஷ்.

கொக்கியில் சங்கிலியை மாட்டிக் கீழே இறக்கினார். அம்மா தூளியைக் கட்டினாள். இரண்டே ஆட்டு. சந்துரு தூங்கிவிட்டான். கூடவே, சுவரில் சாய்ந்திருந்த அப்பாவும் தூங்கிவிட்டார்.

இப்போது சந்துரு அங்கன்வாடிக்குப் போகிறான். கவிப்பிரியா ஏழாம் வகுப்பு. இன்னும் மெதுவாகத்தான் பதில் சொல்கிறாள், ஆனால் கேட்டவர்கள் எழுந்து போவதில்லை. முருகேஷ் எந்த வீட்டுக்குப் போனாலும், "தூளிக் கொக்கி எங்கங்க?" என்று கேட்ட பிறகுதான் ஏணியை நிறுத்துகிறார். எறும்புக்கும் இடம் தராத அப்பா, வருகிறவர்களுக்கெல்லாம் அந்த ஓட்டையைத்தான் முதலில் காட்டுகிறார். அம்மா பாயை எடுத்துவிட்டாள்.

சந்துருவுக்கு அந்த வட்டத்தில் உட்கார்ந்தால்தான் சோறு இறங்கும். அது எப்படி வந்தது என்று அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.