தம்பிக்கு யார் பெயர்?

ராபியாவுக்குத் தம்பி பிறந்து சில நாட்களாகியும் அவனுக்குப் பெயர் இல்லை. ஏழாம் நாள்தான் பெயர் வைக்க வேண்டும் என்று அத்தா சொல்லிவிட்டார். அதுவரை அவன் வெறும் 'தம்பி'தான்.

பெயர் தேடுவது இவ்வளவு கஷ்டம் என்று ராபியாவுக்கு அதுவரை தெரியாது. ராசா என்ற ஊரில் இருக்கும் மாமி கைப்பேசியில் ஒரு பெயரை அனுப்பினார். 'ஸைரோன்' என்று இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அத்தா கேட்டார். அர்த்தம் தெரியாது, கேட்க அழகாக இருக்கிறதே என்றார் மாமி. பிள்ளைக்கு நல்ல அர்த்தமுள்ள பெயர் வைப்பது பெற்றோரின் கடமை என்று அத்தா சொல்ல, மாமி கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை பக்கத்து வீட்டு முனியாண்டி மாமா குழந்தையைப் பார்க்க வந்தார். தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டுபவர் அவர். அம்மாவுக்கு வலி வந்த நாளில் கொட்டுகொட்டென்று மழை. அத்தாவின் கார் கிளம்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. யாரும் கூப்பிடாமலே லாரியோடு வந்து நின்று, அம்மாவைச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் மாமாதான்.

அவர் குழந்தையின் விரலைத் தொட்டுச் சிரித்தார். "என் லாரியில போன பையன். என் பேரையே வச்சிருங்க லா."

ராபியாவுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. "சரி மாமா" என்று தலையாட்டிவிட்டாள். மாமாவின் மகள் ஷாமினி பக்கத்தில்தான் நின்றாள். அவள் ராபியாவின் வகுப்புத் தோழி.

இரவுச் சாப்பாட்டின்போது ராபியா இதைச் சொன்னதும் அத்தா சாப்பிடுவதை நிறுத்தினார். அந்தப் பெயரை நாம் வைக்க முடியாதம்மா என்றார்.

"ஏன்? கெட்ட பேரா அத்தா?"

"இல்லம்மா. அது அவங்க கும்பிடுற சாமியோட பேரு. அவங்க அன்பா வச்சுக்கிறாங்க. நாம அல்லாஹ்வை மட்டும் வணங்குறவங்க. நம்ம பிள்ளைக்கு அது பொருந்தாது."

ராபியாவுக்குத் தலை சுற்றியது. மாமா நல்லவர். பெயரும் கெட்ட பெயர் இல்லை. ஆனாலும் வைக்கக் கூடாது. அப்படியென்றால் தான் கொடுத்த வாக்கு?

மறுநாள் பள்ளியில் குழப்பம் இன்னும் பெரிதானது. ஷாமினி வண்ணப் பென்சிலால் ஒரு வாழ்த்து அட்டை செய்து கொண்டுவந்திருந்தாள். நடுவில் ஒரு குண்டுக் குழந்தை. அதன் கீழே 'குட்டி முனியாண்டி'. வகுப்பு முழுக்கக் காட்டியும் விட்டாள். ராபியா உண்மையைச் சொல்லாமல் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டாள்.

அத்தாவைப் போய்ச் சொல்லச் சொல்லலாமா? ஆனால் தலையாட்டியது அத்தா இல்லையே.

மாலையில் அவளே போனாள். மாமா லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஷாமினி குழாயைப் பிடித்திருந்தாள். ராபியா தரையைப் பார்த்தபடியே அத்தா சொன்ன எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மாமா தண்ணீரை மூடச் சொன்னார்.

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன்மா. இந்தத் தோட்டத்துல ஏற்கெனவே மூணு முனியாண்டி. கூப்பிட்டா மூணு பேரும் திரும்புறோம். நாலாவது எதுக்கு?"

அவர் சிரித்தார். ஷாமினி சிரிக்கவில்லை.

"அப்ப ஏன் சரின்னு சொன்னே?"

"யோசிக்காம சொல்லிட்டேன். தப்புதான்."

"எங்கப்பா செஞ்சதை எல்லாரும் மறந்துருவாங்க" என்றாள் ஷாமினி.

ராபியா ஈரம் சொட்டும் லாரியையே பார்த்தாள். இதில்தானே அம்மா போனார்? யாரும் கூப்பிடாமலே வந்து உதவினாரே மாமா. உதவி... அவளுக்கு மதரஸாவில் படித்த ஒரு பாடம் சட்டென்று நினைவுக்கு வந்தது.

"ஷாமினி, ரொம்ப காலத்துக்கு முன்னாடி எங்க நபியும் அவங்களோட ஆளுங்களும் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போனாங்க. அவங்களுக்கு வீடு இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த ஊர்க்காரங்க கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு, இருந்ததைப் பங்கு போட்டுக் கொடுத்தாங்க. அவங்களுக்கு அன்சார்னு பேரு. உதவி செஞ்சவங்கன்னு அர்த்தம்."

"அதுக்கு?"

"தம்பிக்கு அந்தப் பேரைக் கேக்கப்போறேன். உங்கப்பா செஞ்சதுதானே அதுக்கு அர்த்தம்?"

ராபியா வீட்டுக்கு ஓடியபோது ஷாமினியும் பின்னால் ஓடிவந்தாள். கேட்டதும் அத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா குழந்தையைப் பார்த்து அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இருவருக்குமே பிடித்துவிட்டது.

ஏழாம் நாள் தம்பிக்கு முடியிறக்கிப் பெயர் வைத்தார்கள். ஆடு அறுத்து, இறைச்சியை அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கிட்டார்கள். ராசா மாமியும் கோபம் தணிந்து வந்திருந்தார். முனியாண்டி மாமாவின் மடியில் மொட்டைத் தலையோடு கிடந்த குழந்தையைக் காட்டி, அன்சார் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

ராபியா வாயைத் திறப்பதற்குள் ஷாமினி முந்திக்கொண்டாள்.

"எங்கப்பா மாதிரி ஆளுங்கன்னு அர்த்தம், ஆண்ட்டி."