வேறு வாளுக்குச் செய்த உறை

சோலோ நகரில் மதியமே இருட்டிக்கொண்டு மழை பிடித்திருந்தது. விந்தார்த்தி தன் கெரிஸ் வாளை உறையோடு துணியில் சுற்றி மார்போடு அணைத்தபடி கார்யோவின் பழைய வீட்டுக்குள் நுழைந்தாள். கிராம்புப் புகை, எலுமிச்சை, ஈர இரும்பின் வாடை. வாள்களின் வயதையும் பிறப்பையும் பார்த்துச் சொல்கிறவர் அவர்.

ஆறு வருடங்களுக்கு முன் அவள் மணந்தது இந்த வாளைத்தான். மாப்பிள்ளை சதேவோ கப்பலில் வேலையாக இருந்தான். வர முடியாதவனுக்குப் பதிலாக அவன் வாளைப் பெண்ணருகில் வைத்து மணம் முடிப்பது வழக்கம். விருந்து முடிவதற்குள் சேதி வந்தது. கப்பல் முந்தின நாளே மூழ்கியிருந்தது.

அன்றிலிருந்து அதைப் பக்கத்தில் கிடத்தித்தான் தூங்குகிறாள்.

இப்போது ஹார்தோ பெண் கேட்டிருக்கிறான். நல்லவன். ஆனால் இறந்தவனோடு போட்ட முடிச்சு அவிழ்ந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அது அண்ணனுடைய வாளே இல்லை என்று கொழுந்தன் ஒருமுறை வாய் தவறிச் சொல்லியிருந்தான். வாள் பொய்யென்றால் கல்யாணமும் பொய்.

அவள் கதையைக் கேட்டபடியே கார்யோ பிடியைக் கழற்றி, அலகை எலுமிச்சைச் சாற்றால் துடைத்தார். மடித்து மடித்து அடித்த வாளில் வெள்ளைக் கோடுகளாய் ஓடும் கோலம் இரும்புக்குள்ளிருந்தே வரும். இதில் ஓரத்தை அரத்தால் தொட்டதும் கோலம் அழிந்துபோனது.

"இவன் சந்தையில பொறந்தவன்மா. என் பேரனைவிடச் சின்னவன்."

அலகை உறையில் போட்டு ஆட்டினார். கடகடத்தது.

"உறை மட்டும் நெசம். வேற வாளுக்குச் செஞ்சது. அந்த நெச அலகை மாப்பிள்ளை துணியில சுத்திக் கடலுக்கே கொண்டுபோயிருப்பாரு."

"அப்போ நான்?"

"உனக்குக் கல்யாணமே ஆகலம்மா."

இதைக் கேட்கத்தான் வந்தாள். ஆனால் ஆறு வருடமாக யாரிடம் பேசினாள்? காய்ச்சலில் நெற்றியில் வைத்துக்கொண்ட குளிர்ச்சி யாருடையது?

பொய் அலகை அங்கேயே விட்டாள். வெற்று உறையை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அது மட்டுமாவது அவன் இடுப்பில் இருந்தது.

வழியில் உறை கனக்கத் தொடங்கியது.

மழை ஊறிய மரம் என்று நினைத்தாள். நுனியிலிருந்து சொட்டிய நீர் கையில் வழிந்து, கண்ணைத் துடைத்தபோது உதட்டில் பட்டது.

உப்பு.

வீட்டுக்கு வந்து துணியைப் பிரித்தாள். உறையின் வாயில் ஒரு பிடி இருந்தது. இழுத்தாள். துருவேறி, சிப்பி ஒட்டிய அலகு, கொஞ்சமும் ஆடாமல் வெளியே வந்தது. துருவுக்கடியில் கோலம் வெள்ளையாக ஓடியது.

பிடி மட்டும் சூடாக இருந்தது.

வாசலில் ஹார்தோவின் பைக் வந்து நின்றது. அவன் இருமுறை பெயர் சொல்லி அழைத்தான். அவள் வாளைப் படுக்கையில் கிடத்திவிட்டு, சுவரோரமாக நகர்ந்து படுத்தாள்.

மெத்தையின் மறுபக்கம் மெல்ல அமிழ்ந்தது.