மே மாதக் காலையில் பால் கேட்டவள்

"ஒரு குவளைப் பாலுதானய்யா கேக்குறேன். உன் நிலத்தையா எழுதிக் கேட்டேன்?"

"நாளைக்கு வாளியோட தர்றேன். இன்னிக்கு மே ஒண்ணு. வாசலத் தாண்டாது."

"கட்டின பொண்டாட்டிக்கே இல்லைங்கிற. நல்லாருக்கு!"

தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்த சோர்க்காவின் விரல்கள் காம்பிலேயே நின்றுவிட்டன. சண்டை சமையலறை வாசலில். ஒரு குரல் அவள் புருஷன் ஃபெஸ்டியுடையது. இன்னொன்று சோர்க்காவின் சொந்தக் குரலேதான்.

மே மாத முதல் நாள் காலையில் பாலும் அடுப்பு நெருப்பும் வீட்டு வாசலைத் தாண்டி யார் கைக்கும் போகக்கூடாது என்பது ஊர் வழக்கம். வாங்கினவளோடு அந்த வருஷத்துக் கன்றும் வெண்ணெயும் போய்விடும். போன வருஷம் எவளுக்கோ இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டு மூன்று மாடுகளைப் புதைத்தார்கள். மிச்சம் இந்த வெள்ளை முதுகு ட்ரிமின்தான். நேற்று சாயங்காலம் சோர்க்காவே அதன் வாலில் சிவப்பு நூல் கட்டி, கெட்டது எதுவும் உள்ளே வராதபடி வீட்டு வாசலில் மஞ்சள் பூக்களைத் தூவியிருந்தாள்.

ஊரே திரண்டு வந்து கேட்டாலும் ஃபெஸ்டி மசியமாட்டான். ஆனால் பொண்டாட்டியிடம் ஜெயித்து அவனுக்குப் பழக்கமில்லை.

"உள்ள வந்து குடியேன் சோர்க்கா."

"கால் பூரா சேறு. தரைய நீயா துடைப்ப? கையில குடு."

சோர்க்கா சொல்வது போலவேதான். அதே எரிச்சல், அதே இழுப்பு.

"ஃபெஸ்டி! குடுக்காத! நான் இங்க இருக்கேன்!" சோர்க்கா அலறினாள்.

 

"தொழுவத்துல ஏதோ என் குரல்ல கத்துது பாரு," என்றது வாசலில் நின்றது. "சீக்கிரம் பாலக் குடுத்துட்டுக் கதவச் சாத்து."

மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம். சோர்க்காவின் கைக்குள் மடி வற்றிச் சுருங்கியது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஓடினாள். வாசல் பூக்கள் கருகிக் கிடந்தன. ஜன்னல் வழியே பார்த்தாள். ஃபெஸ்டி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். எதிரே, அவள் நாற்காலியில், அவள். மேலுதட்டில் வெள்ளைக் கோடு.

கதவைத் தட்டினாள்.

"திறக்காதய்யா," என்றது உள்ளிருந்து அவள் குரல். "பால் கேட்டு வந்திருக்கா."

சோர்க்கா கெஞ்சவில்லை. அழவும் இல்லை. தொழுவத்துக்குத் திரும்பி, சுவரில் சாய்த்திருந்த, வைக்கோல் அள்ளும் இரும்புக் கவைக்கோலை எடுத்துக்கொண்டு ட்ரிமினின் பக்கத்தில் நின்றாள்.

"வீட்ட எடுத்துக்க. புருஷனையும் எடுத்துக்க. மாட்டக் கறக்க இங்கதானடி வரணும். வா!"

தாழ்ப்பாள் திறந்தது. முற்றத்தில் வாளி கணகணத்தது. செருப்புச் சத்தம். இடது காலைக் கொஞ்சம் இழுத்து. சோர்க்காவின் நடையேதான்.

ட்ரிமின் காதை நிமிர்த்தியது. சோர்க்காவை விட்டு முகத்தைத் திருப்பியது. வாசலைப் பார்த்து மெதுவாக, ஆசையாக அழைத்தது. தினமும் காலையில் சோர்க்காவை மட்டும் அழைக்கும் அதே குரலில்.

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால், நீங்கள்தான் நீங்கள் என்று உங்கள் மாட்டுக்கு எதைக் காட்டி நம்ப வைப்பீர்கள்? படித்தவர்கள் கீழே ஒரு வரியாவது எழுதுங்கள்.