எடுக்காத ஐந்து படங்கள்

அல்பிரட் அன்று எடுத்தது முப்பத்தொரு படம். கழுவிக் காயப்போட்ட சுருளில் முப்பத்தாறு இருந்தது.

யன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் எண்ணிப் பார்த்தான். எண்ணிக்கை பிழைக்கிற ஆள் அல்ல அவன். எழுபத்து நாலாம் ஆண்டுச் சித்திரை அது. சீனிக்கும் பாணுக்குமே கியூ நின்ற காலத்தில் பிலிம் சுருளுக்கு எங்கே போவது? கொழும்பில் ஒரு கடைக்காரன் மனமிரங்கினால்தான் உண்டு. அதனால் ஒவ்வொரு தரம் பொத்தானை அமத்தும்போதும் வாய்க்குள் எண்ணிக்கொள்வான். மிச்ச ஐந்தும் வீணாகப் போகிறதே என்று வயிறெரிந்துகொண்டேதான் இன்று மத்தியானம் சுருளைத் திருப்பிச் சுற்றினான். வீணாகவில்லை. ஐந்திலும் ஏதோ விழுந்திருந்தது.

அவனுக்கு எந்தப் பத்திரிகையும் சம்பளம் கொடுக்கவில்லை. உதைபந்தாட்டமோ, சைக்கிளோட்டமோ, நீச்சலோ, திருகோணமலையில் நாலு பேர் வேர்க்க விறுவிறுக்க ஓடுகிற இடமெல்லாம் கழுத்தில் கமராவோடு போய் நிற்பான். படம் பத்திரிகையில் வந்தால் அவன் அதிர்ஷ்டம்; வராவிட்டால் வென்றவன் வீட்டுக்குக் கொண்டுபோய் விற்பான். தோற்றவன் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்பது தொழிலில் அவன் படித்த முதல் பாடம். இன்று காலை உட்துறைமுகத்தில் நடந்த வருசப்பிறப்புத் தோணியோட்டப் படங்களைப் பொழுதுபடக் கோச்சி ரயிலில் கொழும்புக்கு ஏற்றிவிட வேண்டும். வென்ற தோணியின் தலைவன் முன்னறைக் கதிரையில்தான் கால்மேல் கால் போட்டு இருந்தான். றொபேட், அல்பிரட்டின் மனைவி எல்சியின் ஒரே அண்ணன்.

"மச்சான், எப்பிடி? நான் வடிவா விழுந்திருக்கிறனோ?" என்று றொபேட் அங்கிருந்தே கத்தினான்.

"இப்பதான் காய்ஞ்சது. கொஞ்சம் பொறு."

"போன வருசம் மாதிரி அரைத் தோணியை வெட்டிப்போடாதை, என்ன!"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அந்தச் சிரிப்பு அல்பிரட்டுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வருசமாகவே பிடிக்கவில்லை.

போன வருசம் இரண்டு தோணிகள் எல்லைக் கயிற்றுக்கு நாலு பாகத் தூரம் இருக்கும்போது ஒன்றோடொன்று உரசின. கரையில் நின்ற சனம் முழுக்கத் தோணிகளின் முன்னணியத்தைத்தான் பார்த்தது, எது முந்துகிறது என்று. அல்பிரட் மட்டும் கமராவில் தூரத்துக்கான நீட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் பார்த்திருந்தான். றொபேட் எழும்பி நின்றான். கையிலிருந்த துடுப்பின் தட்டை விளிம்பால், சாம்பல்தீவுத் தோணியில் அவனுக்கு எதிரே இருந்த இராசையாவின் பிடரியில் ஓங்கி அடித்தான். ஒரு தரம் அடித்துவிட்டு இன்னொரு தரமும் அடித்தான். அல்பிரட் "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை, பொத்தானை அமத்தினான். பதினெட்டாவது படம்.

இராசையா தோணி விளிம்பில் தலை அடிபட்டுக் கடலில் தாண்டு செத்துப்போனான் என்று எல்லோரும் சொன்னார்கள். அல்பிரட்டும் சொன்னான். பத்திரிகைக்கு அந்தப் படத்தின் முன்பாதியை மட்டும் அச்சிட்டு அனுப்பினான். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு இராசையாவின் பெண்சாதி பூரணி வாசல் படலையடியில் வந்து நின்றாள்.

"அண்ணை, அவற்ற முகம் விழுந்த படம் ஒண்டெண்டாலும் தாங்கோ. எங்கட வீட்டில ஒரு படமும் இல்லை."

"ஒண்டும் சரியா விழேல்லைத் தங்கச்சி."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கழுத்தில் தொங்கிய கமராவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். அன்று பின்னேரம் பதினெட்டாவது படத்தைக் குசினி அடுப்பில் போட்டு எரித்தான். மைத்துனன் தூக்குமரம் ஏறினால் எல்சி என்ன ஆவாள்? அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். அதில் பாதி உண்மையும் இருந்தது.

இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தால் வீடு தீப்பற்றினாலும் கதவைத் தட்டக்கூடாது என்பது எல்சிக்குக் கலியாணம் முடித்த கிழமையே சொல்லிவைத்தது. சிவப்பு பல்பின் கீழ் மூன்று தட்டுகள்: படம் எழுப்பும் டெவலப்பர், நடுவில் தண்ணீர், கடைசியில் எழுந்த படத்தை அப்படியே நிறுத்திவைக்கும் ஹைப்போ. சித்திரை வெக்கையில் அந்த அறை அவிந்தது. ஹைப்போவின் புளித்த நெடிக்கு நடுவே இன்று இன்னொரு மணமும் இருந்தது. வற்றுக்கடலில் பாசி காயும்போது வருமே, அந்த மணம். கடற்கரையில் நின்ற கால்தானே என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டிலிருந்த கடைசித் தாள்பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்தான். சுருளை ஆறு ஆறாக வெட்டி அதன்மேல் அடுக்கி, கண்ணாடியால் அமத்தி, வெள்ளை பல்பை ஏழு எண்ணும் வரை எரியவிட்டு அணைத்தான். முப்பத்தாறும் ஒரே தாளில் சின்னச் சின்னதாக எழும்பும். தாளை டெவலப்பரில் தாழ்த்தித் தட்டை மெல்ல ஆட்டினான். கதவுக்கு வெளியே ரேடியோ பாடியது. றொபேட் பாட்டுக்கு மேலால் கதை அளந்துகொண்டிருந்தான்.

"அண்ணா, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. பனங்கட்டிதான் கிடக்கு," என்று எல்சியின் குரல் கேட்டது.

"அது காணும் தங்கச்சி. ஊத்து."

முதல் ஐந்து வரிசையும் ஒழுங்காக எழும்பின. கொடிகள், சனம், தோணிகள். கடைசி வரிசையில் முப்பத்தோராவது: றொபேட் கிண்ணத்தைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதற்குப் பக்கத்தில் ஐந்து கட்டங்கள் வெள்ளையாகக் கிடந்தன. வெளிச்சம் கசிந்து பாழானதுதான் என்று அல்பிரட் ஆறுதலாக மூச்சு விட்டான். அந்த மூச்சு முடியமுன்னம் முதல் கட்டம் கறுக்கத் தொடங்கியது.

உருப்பெருக்கும் கண்ணாடியைப் பிடித்துக் குனிந்தான். முப்பத்திரண்டில் தோணிகளின் பக்கப்பலகை சுவர்போல உயர்ந்து நின்றது. கரையிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியாது. கடலுக்குள் கழுத்தளவில் நிற்கிறவன்தான் அப்படிப் பார்ப்பான். முப்பத்துமூன்றில் றொபேட்டின் கை, விளிம்பைப் பிடித்தபடி, மோதிரத்தின் கீறல் தெரிகிற அளவு கிட்டத்தில். முப்பத்துநாலில் கடற்கரை மணல். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு றொபேட் போகிறான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன் போகிறான். அவன் கழுத்தில் கமரா தொங்குகிறது.

அல்பிரட்டின் கை தட்டை ஆட்டுவதை நிறுத்தியது. தன் முதுகை அவன் அதற்கு முன் கண்டதில்லை.

முப்பத்தைந்து, இந்த வீட்டுப் படலை. திறந்து கிடந்தது.

முப்பத்தாறு எழும்ப நேரமெடுத்தது. முன்னறை. ரேடியோ. கதிரை. தேத்தண்ணிக் கோப்பையோடு றொபேட், பின்னாலிருந்து. பிடரி மயிர் ஈரமாக ஒட்டிக் கிடக்கிறது. கோடு போட்ட அந்தச் சட்டை அல்பிரட்டுடையது. கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தவனுக்கு எல்சி எடுத்துக் கொடுத்தாள். கொடுத்து அரை மணித்தியாலம்கூட இராது. அந்த நேரம் சுருள் கழுவி முடிந்து கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

பாசி மணம் கூடியது. கதவின் கீழிடுக்கால் கணுக்காலில் குளிர் பட்டது. வெளியே சீமெந்துத் தரையில் ஈரப் பாதம் ஒட்டிப் பிரிகிற சத்தம். ஒன்று. பிறகு இன்னொன்று. அவசரமில்லாத நடை.

தாளில் முப்பத்தாறாவது இன்னும் மாறிக்கொண்டிருந்தது. மேல் மூலையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. தடித்தது. துடுப்பு. அதைப் பிடித்த இரண்டு கைகள். கைகளுக்குப் பின்னால் ஊதி வெளுத்த ஒரு முகம். இராசையா றொபேட்டைப் பார்க்கவில்லை. நேரே பார்த்தான், படத்துக்கு வெளியே.

"மச்சான்!" என்று அல்பிரட் கத்தினான்.

"என்ன மச்சான்?"

உயிரோடுதான் இருக்கிறான். எழும்பி ஓடு என்று ஒரு சொல் போதும். ஆனால் ஏன் என்று கேட்பான். எல்சியும் கேட்பாள். என்ன கண்டனீங்கள், போன வருசம் என்ன கண்டனீங்கள் என்று கேட்பாள். கதவைத் திறந்தால் தாள்பெட்டி முழுக்க வெளிச்சம் பட்டுப் பாழாகும் என்பதும் அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகம் வந்தது. வெட்கங்கெட்ட மனம் அதையும் ஞாபகம் வைத்திருந்தது.

"ஒண்டுமில்லை," என்றான்.

துடுப்பு இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பதினைந்து வருசம் இந்தத் தட்டுகளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. ஹைப்போவில் விழுந்த படம் மாறாது. இதை நிறுத்தினால் வெளியே நடக்கிறதும் நின்றுவிடும். கதவைத் திறக்க வேண்டாம். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவும் வேண்டாம்.

தாளைத் தூக்கினான். தண்ணீரில் தோய்க்கவில்லை. நேரே ஹைப்போவுக்குள் அமத்தினான்.

வெளியே தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

ஒரே ஒரு தரம்தான்.

கோப்பை விழுந்து உடைகிற சத்தத்துக்குக் காது கொடுத்தான். அது வரவில்லை. கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தான். துடுப்பின் விளிம்பு பிடரிக்குள் பாதி இறங்கியிருந்தது. அதற்குமேல் இறங்கவில்லை. பத்து எண்ணினான். இருபது எண்ணினான். படம் நின்றுவிட்டது.

ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டல்ல. ஒரே எழுத்து. பாடகி "ஆ" என்று இழுத்தாள். இழுத்துக்கொண்டேயிருந்தாள். மூச்சு வாங்கவில்லை.

தாழ்ப்பாளை நீக்கினான். தாள்பெட்டி திறந்தே கிடந்தது.

முன்னறையில் பின்னேர வெயில். நிலம் முழுக்கக் கடல்தண்ணீர். படத்தில் விழுந்ததெல்லாம் விழுந்தபடியே நின்றது. கதிரை. ரேடியோ. றொபேட். கையில் சரிந்த கோப்பை. அதன் வாயிலிருந்து வழிந்த தேத்தண்ணி நடுவழியில், அந்தரத்தில். மண்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளவுக்குள் துடுப்பு. வெள்ளை எலும்பு. சிதறிய இரத்தம் சுவர்வரை போகவில்லை. துளி துளியாகக் காற்றில் நின்றது. துடுப்பின் மறுமுனையைப் பிடித்திருக்க ஒருவரும் இல்லை. அதிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டியது.

அல்பிரட் முன்பக்கமாகச் சுற்றி வந்தான்.

றொபேட்டின் வாய் திறந்திருந்தது. சிரிக்கத் தொடங்கிய வாய். கன்னத்தில் அசைவில்லை. மூச்சில்லை. கண் மட்டும் மெல்லத் திரும்பியது. அல்பிரட்டைப் பார்த்தது. மூடியது. திறந்தது. நோவில் அது நனைந்திருந்தது.

சாகவில்லை. சாக முடியாது. அல்பிரட்தான் நிறுத்திவைத்துவிட்டான்.

"அண்ணா, இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தட்டே?" குசினியிலிருந்து எல்சியின் செருப்புச் சத்தம் வந்தது.

இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்தான். ஐஸ்கட்டிக் குளிர். இழுத்தான். கதிரையில் காலை ஊன்றி இழுத்தான். மயிரிழையும் அசையவில்லை. கைகளையும் எடுக்க ஏலவில்லை. ஈர மரத்தில் தோல் ஒட்டிப்போயிருந்தது.

செருப்புச் சத்தம் நின்றது.

கேத்தலோடு வாசலில் நின்ற எல்சி முதலில் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு அண்ணனின் தலையைப் பார்த்தாள். துடுப்பைப் பார்த்தாள். துடுப்பைப் பிடித்திருந்த புருசனின் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

றொபேட்டின் கண் தங்கச்சியின் பக்கம் திரும்பியது. மூடியது. திறந்தது. மறுபடி மூடியது.