சூடான தோல்

அன்று காலை குழியிலிருந்து வந்த நாற்பத்தோராவது தோல் சூடாக இருந்தது.

சுண்ணாம்புக் குழியில் பத்து நாள் ஊறி வெளியே வருகிற தோல் சூடாக இருக்க வழியே இல்லை. மயிர் உதிர்ந்து, உப்பி, வெளுத்து, வழவழவென்று, ஐப்பசி மழைக்குச் சரியாகக் கை விறைக்கிற குளிர்ச்சியோடுதான் அது வரும். இருபத்திரண்டு வருஷமாக ஆம்பூரில் ஒரே தோல் பதனிடும் ஷாப்பில் உட்கார்ந்து தரம் பிரிக்கிற ஷபீ அஹமதுவுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவருடைய வலது கட்டைவிரல் ஒரு தடவை ஓடினால் போதும். முள் கீறிய இடம், உண்ணி கடித்த இடம், அம்மை வந்து ஆறிய இடம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறந்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று சொல்லவும் மாட்டார். தாடையை ஒரு பக்கம் ஆட்டுவார், ஆட்கள் அந்தக் குவியலில் போட்டுவிடுவார்கள்.

இந்தத் தோல் காய்ச்சல்காரனின் முதுகு மாதிரி கொதித்தது. ஆட்டுக்குப் பெரிது, மாட்டுக்குச் சிறிது. நடுவில் மேலிருந்து கீழாக நீளமாக ஒரு தழும்பு. விரல் தன்பாட்டுக்கு எண்ணியது: தழும்புக்கு இந்தப் பக்கம் ஒன்பது தையல் புள்ளி, அந்தப் பக்கம் எட்டு. பக்கத்தில் விரல் நுனி இறங்குகிற அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம். உரிப்பவன் எப்போதும் வயிற்றோடு கீறித்தான் உரிப்பான். அதனால் தோலை விரித்தால் முதுகு நடுவில் வரும், வயிறு ஓரத்துக்குப் போய்விடும். இந்தத் தோலில் வயிறு நடுவில் இருந்தது. ஷபீ கழிசல் குவியலைப் பார்த்துத் தாடையை ஆட்டிவிட்டு, எழுந்து போய் இரண்டு தடவை கை கழுவினார்.

அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க அவருக்கு நேரமில்லை. அவருக்குத் தன் தோலைப் பற்றிய கவலையே மலையாக இருந்தது.

அவருடைய எடை நூற்று அறுபத்தெட்டு கிலோ. வேலூர் ஆஸ்பத்திரியின் எடை எந்திரம் அதற்குத் தாங்காததால், ஷாப்பில் தோல் கட்டுகளை நிறுக்கிற தராசில் ஏறி நின்றார். வேலையாட்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். படுத்தால் மூச்சு முட்டும் என்று ஒரு வருஷமாக உட்கார்ந்தே தூங்குகிறார். தினமும் காலையில் அவருடைய மனைவி ஜஹீருன்னிசா வயிற்று மடிப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் ஈரத் துண்டால் துடைத்துப் பவுடர் போடுவாள். எவ்வளவு துடைத்தாலும் அந்த மடிப்புக்குள்ளிருந்து புளித்த மாவு வாடை வரும். இடது இடுப்பில், பதினெட்டு வயதில் சுண்ணாம்புக் குழியில் சறுக்கி விழுந்து வெந்த தழும்பு ஒன்று, வெற்றிலை வடிவத்தில். சின்னதாக இருந்த அது, உடம்போடு சேர்ந்து விரிந்து இப்போது பெரிய கும்பகோணம் வெற்றிலையாகியிருந்தது. துடைக்கிற நேரத்தில் ஷபீ கண்ணை மூடிக்கொள்வார். தன் உடம்பு அவருக்கு அவ்வளவு அருவருப்பு.

இப்படியே விட்டால் இதயம் இரண்டு வருஷம் தாங்காது என்று வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்த டாக்டர் சொல்லிவிட்டார்.

"ரெண்டு முறை இருக்கு பாய். ஒண்ணு, வயித்தோட மேல்பாகத்துல பின் அடிச்சி ஒரு சின்னப் பையா பிரிச்சிடறது. அப்புறம் ஆயுசுக்கும் ஒரு கைப்பிடிதான் சாப்பாடு. மீறினா வாந்தி வரும். இன்னொண்ணு, சிறுகுடல்ல பெரும்பாகத்தை ஒதுக்கிட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கறது. இஷ்டத்துக்குச் சாப்பிடலாம். எதுவும் உடம்புல ஒட்டாது."

ஷபீயின் முகம் மலர்ந்ததை டாக்டர் கவனித்துவிட்டார்.

"ரெண்டாவதுல தொல்லை ஜாஸ்தி. பல ஊர்ல அதை விட்டுட்டாங்க. நான் மொதல் முறையைத்தான் சொல்வேன். ஆனா உடம்பு உங்களுது. திங்கக்கிழமை வந்து முடிவு சொல்லுங்க."

எங்கே கீறுவார்கள் என்று காட்ட, ஊதாப் பேனாவால் வயிற்றில் கோடு போட்டார். வயிற்று முறைக்கு விலாவுக்குக் கீழே ஒரு சாண். குடல் முறைக்கு நெஞ்சுக் குழியிலிருந்து தொப்புளைத் தாண்டி நீளமாக. குடல் கோடு ஒரே குளியலில் போய்விட்டது. அந்த ஒரு சாண் கோடு மட்டும் எத்தனை தேய்த்தும் போகவில்லை.

ஷபீயின் மனசு என்னவோ குடல் பக்கம்தான் சாய்ந்தது. ஒரு கைப்பிடிச் சோற்றுக்காகவா மனிதன் உயிரோடு இருக்க வேண்டும்? பெருநாளில் பிரியாணி தேக்சாவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற ஆவியை நினைத்தாலே அவருக்கு நாக்கில் நீர் ஊறியது.

"எதுவோ ஒண்ணு பண்ணிக்கோங்க. ஆனா உயிரோட வாங்க, அவ்ளோதான் எனக்கு வோணும்" என்றாள் ஜஹீருன்னிசா.

வாணியம்பாடியில் தோல் தரகு செய்கிற குர்ஷித், இரண்டு வருஷத்துக்கு முன்னால் பம்பாய் போய் அதே குடல் முறையைச் செய்துகொண்டு வந்தவர். ஒரு காலத்தில் அவரும் ஷபீயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பஸ்ஸில் மூன்றாம் ஆளுக்கு இடமிருக்காது. ஆபரேஷனுக்குப் பிறகு அவரை யாரும் கடைவீதியில் பார்க்கவில்லை. முடிவு செய்வதற்கு முன்னால் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, அன்று மதியம் ஷபீ பஸ் ஏறினார்.

கதவைத் திறந்தவள் குர்ஷித்தின் மனைவி அக்தரி பேகம். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். உள்ளே நடையில் ஊதுவத்தி கொத்துக் கொத்தாக எரிந்தது. ஆனாலும் புகைக்கு அடியில் அந்த வாடை ஷபீக்குத் தெரிந்தது. அழுகிய முட்டை, ஈரச் சுண்ணாம்பு, ஊறிய மயிர். இருபத்திரண்டு வருஷம் மூக்கில் ஏறிய குழி வாடை. இந்தத் தெருவில் ஷாப்பு எதுவும் இல்லையே என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார்.

ஜன்னல் சாத்திய அறையில், கட்டில் மேல் குர்ஷித் கழுத்து வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. கன்னம் காது வரை ஒட்டி, தாடைச் சதை தாடியோடு மார்பில் தொங்கியது. முன்னால் ஒரு தாம்பாளம் நிறையப் பிரியாணி. அவர் மென்றதாகவே தெரியவில்லை. பிடி பிடியாக அள்ளி உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார். போர்வைக்குள் எங்கேயோ ஈரமாக ஒரு சத்தம், சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற மாதிரி, விட்டு விட்டுக் கேட்டது. தாம்பாளம் காலியானதும் அக்தரி பேகம் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தாள். கட்டிலுக்கு அடியில் துணியைப் போட்டுத் துடைத்தாள். துணியை வாளியில் பிழிந்தாள்.

பிரியாணி வாசனைக்குக் குமட்டுவது ஷபீயின் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"எப்டி இருக்குறீங்க பாய்?"

"பசி" என்றார் குர்ஷித். வாயில் சோறு இருந்தது. "இன்னா துன்னாலும் பசி. உள்ள போவுது. எங்க போவுதுன்னு தெரில."

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

"எடை கம்மியாய்டுச்சி, நல்லாக்கீதுன்னாரு." அவர் சிரித்தார். "நீதான் செலக்டர் ஆச்சே. நீயே பார்த்துச் சொல்லு, நான் இன்னா தரம்னு."

போர்வை விழுந்தது.

தோல், தோல், தோல். உடம்பைவிட மூன்று மடங்கு தோல். கழுத்திலிருந்து மடிப்பு மடிப்பாக இறங்கி, வயிற்றைச் சுற்றி, தொடை மேல் வழிந்து, கட்டில் ஓரத்தில் தொங்கியது. வெளுத்து, உப்பி, ஒரு மயிர் இல்லாமல். நடுவில் நெஞ்சிலிருந்து கீழ் வரை ஒரு தழும்பு. பக்கத்தில் சின்னப் பள்ளமாகத் தொப்புள்.

ஷபீ தொட விரும்பவில்லை. கட்டைவிரல் போய்விட்டது. பழக்கம்.

இந்தப் பக்கம் ஒன்பது. அந்தப் பக்கம் எட்டு.

குளிர்ந்தது. கை விறைக்கிற குளிர்ச்சி. வழவழவென்று. குழியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி. விரலை எடுத்ததும் நுனியில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் குழம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா தரம்?" என்றார் குர்ஷித், அடுத்த பிடியை அள்ளிக்கொண்டே. "கழிசலா?"

வீட்டை விட்டு எப்படி வந்தார், எந்த பஸ்ஸில் ஏறினார் என்று ஷபீக்கு ஞாபகமில்லை. மழை பிடித்துக்கொண்டது. கட்டைவிரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே வந்தார். ஆம்பூரில் இறங்கியபோது மணி ஐந்துகூட ஆகவில்லை, ஆனால் வானம் கறுத்துக் கிடந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராக ஷாப்புக்கு நடந்தார். அந்தத் தோலை இன்னொரு தடவை பார்த்து, அது மாட்டுத் தோல்தான் என்று தெரிந்துகொண்டால் போதும் என்று இருந்தது.

சதை எடுக்கிற கொட்டகையில் முனீர் அகமது மட்டும் இருந்தான். சாய்ந்த மரக்கட்டை மேல் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால், உள்பக்கம் ஒட்டிய சதையையும் கொழுப்பையும் வழித்தெடுப்பது அவன் வேலை. சாதாரணமாக ஒரு தோலுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

"பாய், நல்லவேளை வந்தீங்க. காலைல நீங்க கழிசல்ல போட்டீங்களே ஒரு தோலு, ஒரே பேஜாராப் போச்சி. அப்போலேர்ந்து வழிக்கறேன். வழிக்க வழிக்க வந்துக்கினே இருக்குது."

அவன் பின்னால் ஆறு தொட்டிகள். ஆறும் ததும்ப மஞ்சள் கொழுப்பு. மேலே ஆவி பறந்தது. சுண்ணாம்பு வாடை இல்லை. நெய் வாசனை. பட்டை, லவங்க வாசனை. ஷபீ குனிந்து பார்த்தார். கொழுப்புக்குள் வெள்ளை வெள்ளையாகச் சோற்றுப் பருக்கைகள். மெல்லாமல் விழுங்கின, முழுப் பருக்கைகள்.

கட்டை மேல் தோல் கிடந்தது. முனீர் கத்தியை எடுத்த இடத்தில் மறுபடி சதை பொங்கியது.

ஷபீ சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். எடுத்து முடித்ததும் மனசு தெளிந்த மாதிரி இருந்தது. இத்தனை நாளாக வராத முடிவு ஒரே நொடியில் வந்துவிட்டது.

"முனீர், நான் குடல் ஆபரேஷன் பண்ணிக்க மாட்டேன். வயித்துத் தையல்தான். ஒரு கைப்பிடி துன்னாப் போதும்."

"நல்லது பாய்" என்றான் முனீர். அவன் திரும்பி, பக்கத்தில் குவிந்து கிடந்த இன்னொரு தோலைக் காட்டினான். "இத இன்னா பண்றது, அதச் சொல்லுங்க. இப்பத்தான் குழிலேர்ந்து இழுத்தாங்க. நாலு ஆளு ஆச்சி. இதுவும் சூடா இருக்குது."

அவன் பழைய தோலைத் தள்ளிவிட்டு, புதியதன் ஒரு முனையைக் கட்டை மேல் இழுத்துப் போட்டான். மீதி தரையெல்லாம் வழிந்தது. அகலம். அவ்வளவு அகலத் தோலை ஷபீ பார்த்ததில்லை.

இடது ஓரத்தில் ஒரு வெந்த தழும்பு. வெற்றிலை வடிவம்.

நடுவில், மேலே, ஒரு சாண் தையல். ஆறியிருந்தது. தையலின் இரண்டு முனையிலும் ஊதா மை.

ஷபீயின் கை சட்டைக்குள் போனது. தன் வயிற்றைத் தேடியது. கட்டைவிரல் பதிந்தது.

குளிர்ந்தது.

வழவழவென்று குளிர்ந்தது.

"முனீர், வேணாம்" என்றார். கொட்டகை மேல் விழுந்த மழைச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்கவில்லை.

முனீர் தோலின் உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டான். இரண்டு பிடியையும் பிடித்தான். கத்தியை அழுத்தி ஒரு இழுப்பு. மஞ்சளாக ஒரு சுருள் தொட்டியில் விழுந்தது.

வலிக்கவில்லை.

ஷபீக்குப் பசித்தது.